சினைப்பைப் புற்றுநோயில் இரத்த நோயெதிர்ப்பு அணுக்கள்

இரத்த நோயெதிர்ப்பு அணுக்கள் என்பன இரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளையணுக்கள் ஆகும். சினைப்பைப் புற்றுநோய் உறுதி செய்யப்பட்ட ஒரு பெண்ணின் இரத்தத்தில், சிகிச்சை தொடங்கும் முன் இவ்வணுக்கள் எந்த அளவில் உள்ளன, ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் உள்ளன என்பது அந்நோய் இனி எவ்வாறு செல்லக்கூடும் என்பதைப் பற்றி ஒரு குறிப்பைத் தருகிறது. இவ்வாறு நோயின் பிற்காலப் போக்கைக் காட்டும் அளவீட்டை நோய்ப்போக்குச் சுட்டி என்பர்.

இதற்குத் தனியாக விலையுயர்ந்த பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஊரிலுள்ள எந்த ஆய்வகத்திலும் எடுக்கப்படும் முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனையே, அதாவது சி.பி.சி.யே, போதும். எளிதாகக் கிடைப்பதாலேயே இந்த எண் இரண்டு வகையில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனையாகச் சிலர் இதைக் கருதுகின்றனர். வேறு சிலர் இதை ஒரு நோயாளியின் ஆயுளைச் சொல்லும் தீர்ப்பாகக் கருதுகின்றனர். இரண்டும் சரியல்ல.

சினைப்பைப் புற்றுநோய்

கருப்பையின் இருபுறமும் உள்ள, முட்டைகளை உருவாக்கும் உறுப்பு சினைப்பை. பாடநூல்களில் இது அண்டகம் என்றும் சூலகம் என்றும் குறிப்பிடப்படும். இவ்வுறுப்பில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை மேற்பரப்புத் திசு வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மிகப் பரவலானதும் வேகமாக வளர்வதுமான வகை, பல நேரங்களில் சினைப்பையில் அல்லாமல் அதை ஒட்டியுள்ள கருக்குழாயின் நுனியிலேயே தொடங்குகிறது என்று இப்போது அறியப்பட்டுள்ளது.

இந்தியப் பெண்களிடையே மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் உள்ள புற்றுநோய் இது. உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 47,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 33,000 பேர் இதனால் இறந்தனர். புதிய நோயாளிகளோடு ஒப்பிடும்போது இறப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு முதற்காரணம், நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதாகும். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பெண்களுக்கு மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் நோய் தெரியவருகிறது. அமெரிக்கத் தரவுகளின்படி, நோய் சினைப்பைக்குள் அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் 5 ஆண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் இது சுமார் 30 விழுக்காடு மட்டுமே.

தாமதத்துக்குக் காரணம் நோயின் அறிகுறிகள் மிகச் சாதாரணமானவையாக இருப்பதுதான். வயிறு உப்புசம், கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை அவை. வாயுத் தொல்லை என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பது வழக்கமாக உள்ளது.

இரத்தத்தில் உள்ள அணுக்கள்

நலமான ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருக்கும். இவை ஐந்து வகைப்படும்.

நியூட்ரோஃபில்கள்: வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காடு. பாக்டீரியா நுழைந்தால் முதலில் ஓடிவரும் அணுக்கள் இவை. குறைந்த காலமே வாழ்பவை.

லிம்ஃபோசைட்டுகள்: ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காடு. டி அணுக்கள், பி அணுக்கள், இயற்கைக் கொல்லி அணுக்கள் ஆகியவை இவற்றுள் அடங்கும். புற்று அணுவை அடையாளம் கண்டு அழிக்கும் திறன் முக்கியமாக இவற்றுக்கே உண்டு.

மோனோசைட்டுகள்: ஏறத்தாழ 2 முதல் 10 விழுக்காடு. திசுக்களுக்குள் சென்று பெருவிழுங்கு அணுக்களாக மாறுபவை.

ஈசினோஃபில்கள், பேசோஃபில்கள்: மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருப்பவை. ஒவ்வாமையிலும் ஒட்டுண்ணித் தொற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

இவற்றோடு இரத்தத் தட்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறைவதற்கு உதவும் இத்தட்டுகள் வெள்ளையணுக்கள் அல்ல. ஆயினும் அழற்சியிலும் புற்றுநோய்ப் பரவலிலும் அவற்றுக்குப் பங்கு இருப்பதால் ஆய்வாளர்கள் அவற்றையும் இதே வரிசையில் வைத்து ஆராய்கின்றனர்.

விகிதம் கணக்கிடும் முறை

அதிகமாக ஆராயப்பட்ட சுட்டி, நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் விகிதமாகும். ஆய்வக அறிக்கைகளில் இது என்.எல்.ஆர். என்ற சுருக்கப் பெயரில் அச்சிடப்படுகிறது. இரத்தத் தட்டு எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது பி.எல்.ஆர். லிம்ஃபோசைட் எண்ணிக்கையை மோனோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது எல்.எம்.ஆர்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பெண்ணின் மொத்த வெள்ளையணுக்கள் 9,000. அவற்றில் நியூட்ரோஃபில் 72 விழுக்காடு, லிம்ஃபோசைட் 18 விழுக்காடு, மோனோசைட் 6 விழுக்காடு. இரத்தத் தட்டுகள் 3,60,000.

நியூட்ரோஃபில் எண்ணிக்கை 6,480. லிம்ஃபோசைட் எண்ணிக்கை 1,620. மோனோசைட் எண்ணிக்கை 540.
என்.எல்.ஆர். = 6,480 ÷ 1,620 = 4
பி.எல்.ஆர். = 3,60,000 ÷ 1,620 = சுமார் 222
எல்.எம்.ஆர். = 1,620 ÷ 540 = 3

முதல் விகிதத்தை நேரடியாக விழுக்காடுகளைக் கொண்டே, 72-ஐ 18-ஆல் வகுத்தும் பெறலாம். பொதுவாக, முதல் இரண்டு விகிதங்கள் உயர்வதும் மூன்றாவது குறைவதும் சினைப்பைப் புற்றுநோயில் சாதகமற்ற போக்கோடு தொடர்புடையவையாகக் காணப்பட்டுள்ளன.

விகிதம் ஏன் மாறுகிறது?

புற்றுக்கட்டி ஓர் இடத்தில் சும்மா கிடப்பதில்லை. அது பல வேதித் தூதுப்பொருள்களைச் சுரந்து உடல் முழுவதற்கும் செய்தி அனுப்புகிறது. அவற்றுள் சில எலும்பு மச்சையைத் தூண்டி நியூட்ரோஃபில் உற்பத்தியைப் பெருக்குகின்றன. இன்டர்லியூக்கின்-6 என்ற தூதுப்பொருள் கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல் சுரக்கும் திராம்போபொயட்டின் எலும்பு மச்சையில் இரத்தத் தட்டுகளின் உற்பத்தியை உயர்த்துகிறது.

அதே வேளையில் லிம்ஃபோசைட்டுகள் குறையக்கூடும். நோயால் ஏற்படும் உடல் அழுத்தத்தில் கார்ட்டிசால் சுரப்பு கூடுவதும், ஊட்டக்குறைவும் இதற்குக் காரணங்களாகின்றன. ஆக, வகுபடும் எண் பெரிதாகிறது. வகுக்கும் எண் சிறிதாகிறது. விகிதம் உயர்கிறது. உடலில் அழற்சி மிகுந்திருப்பதையும், புற்றை எதிர்க்கும் படை மெலிந்திருப்பதையும் அந்த ஒரே எண் சேர்த்துக் காட்டுகிறது.

நியூட்ரோஃபில்கள் நோய்க்கு உதவியும் செய்கின்றன. சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றறைக்குள்ளேயே பரவும். குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரையான ஓமென்டம் அது விரும்பிக் குடியேறும் இடம். நியூட்ரோஃபில்கள் முன்கூட்டியே அங்கு சென்று, தம் மரபுப்பொருள் இழைகளை வலை போல வெளியே வீசுகின்றன என்றும், மிதந்து வரும் புற்று அணுக்கள் அவ்வலையில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன என்றும் 2019-இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. பாக்டீரியாவைப் பிடிக்க உடல் வைத்திருக்கும் வலை இங்கே புற்றுக்குப் பயன்பட்டுவிடுகிறது.

ஆய்வுகள் கண்டவை

இத்துறைக்கு அடித்தளம் இட்ட ஆய்வு ஒன்று 2003-இல் அமெரிக்காவில் வெளியானது. முற்றிய நிலையில் இருந்த 186 நோயாளிகளின் கட்டித் திசுக்களில் டி அணுக்கள் உள்ளே நுழைந்துள்ளனவா என்று ஆராய்ந்தனர். டி அணுக்கள் காணப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினர் 5 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர். காணப்படாதவர்களில் இது 4.5 விழுக்காடு மட்டுமே. நோயெதிர்ப்பு அணுக்கள் சினைப்பைப் புற்றுநோயின் போக்கோடு நெருங்கிய தொடர்புடையவை என்பதை இது தெளிவாகக் காட்டியது. 2004-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தி அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் கட்டியில் மிகுந்திருந்தால் வாழ்நாள் குறைவதாக அது கண்டது. அதாவது எத்தனை டி அணுக்கள் என்பதோடு எவ்வகை டி அணுக்கள் என்பதும் முக்கியம்.

இவ்விரண்டும் முதன்மையாகக் கட்டித் திசுவைப் பார்த்த ஆய்வுகள். கட்டியை வெட்டி எடுக்காமல், கையிலிருந்து எடுக்கும் இரத்தத்திலேயே இதன் நிழலைக் காண முடியுமா என்பது அடுத்த கேள்வி. 2009-இல் தென் கொரிய ஆய்வாளர்கள், மேற்பரப்புத் திசு வகைச் சினைப்பைப் புற்றுநோயாளிகளிடம் சிகிச்சைக்கு முந்தைய என்.எல்.ஆர். உயர்ந்திருப்பதையும், 2.6-க்கு மேல் இருந்தவர்களின் வாழ்நாள் குறைவாக இருந்ததையும் கண்டனர். 2012-இல் வெளியான ஆய்வில் 619 நோயாளிகளில் 31 விழுக்காட்டினருக்கு நோயறியப்பட்டபோதே இரத்தத் தட்டுகள் 4,50,000-க்கு மேல் இருந்தன. அவர்களின் வாழ்நாளும் குறைவாகவே இருந்தது. மேலே சொன்ன இன்டர்லியூக்கின்-6 வழியை விளக்கியதும் இந்த ஆய்வே.

2014-இல் பல்வேறு திண்மக் கட்டிப் புற்றுநோய்கள் பற்றிய 100 ஆய்வுகளை, 40,559 நோயாளிகளின் விவரங்களோடு ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தனர். என்.எல்.ஆர். உயர்ந்திருந்த பிரிவினரின் இறப்பு வீதம் மற்றவர்களைப் போல் சுமார் 1.8 மடங்காக இருந்தது.

சுட்டி வேறு, காரணம் வேறு

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்திலிருந்து வந்து முதலில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையையும், பிறகு கிருஷ்ணகிரி அணையையும் அடைகிறது. கெலவரப்பள்ளியில் நீர்மட்டம் ஏறினால் கீழே உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருப்பர். ஆனால் மட்டம் காட்டும் அளவுகோல் வெள்ளத்தை உண்டாக்குவதில்லை. அளவுகோலைப் பிடுங்கி எறிந்தாலும் வெள்ளம் நிற்காது.

என்.எல்.ஆர். அத்தகைய ஓர் அளவுகோல். மஞ்சள், கஷாயம், சத்துமாத்திரை என்று எதையாவது உட்கொண்டு அந்த எண்ணை மட்டும் இறக்கிவிட்டால் நோய் தணிந்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை. நியூட்ரோஃபில்களுக்கு நோய்ப் பரவலில் உண்மையாகவே பங்கு இருக்கலாம் என்பதால், சுட்டியாக மட்டும் இருப்பவை எவை, காரணமாகவும் இருப்பவை எவை என்று பிரித்தறியும் ஆய்வுகள் நடந்து வருகின்றன. பிறவியிலேயே அமைந்த மரபணு வேறுபாடுகளைப் பயன்படுத்தி இதை அறிய முயலும் முறைக்கு மெண்டலிய சமவாய்ப்பாக்கம் என்று பெயர். அதன் முடிவுகளும் தனியாகச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் நிலையில் இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல

நோயறி சுட்டி "நோய் இருக்கிறதா?" என்று கேட்பது. நோய்ப்போக்குச் சுட்டி "இருக்கும் நோய் எப்படிப் போகும்?" என்று கேட்பது. பலன் சுட்டி "இந்த மருந்து இவருக்குப் பயன்படுமா?" என்று கேட்பது. என்.எல்.ஆர். இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

காய்ச்சல், சளி, பல் சீழ், சிறுநீர்த் தொற்று, விபத்துக் காயம், கருவுற்ற காலம், புகைபிடித்தல் என்று எத்தனையோ நிலைகளில் இந்த விகிதம் உயரும். ஆகவே உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பில் வரும் அறிக்கையில் இவ்வெண் சற்று உயர்ந்திருந்தால் அதைப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதேபோல் அது இயல்பாக இருப்பதால், தொடர்ந்து வரும் வயிற்று உப்புசத்தை அலட்சியம் செய்யவும் கூடாது.

1981-இல் கண்டறியப்பட்ட சி.ஏ. 125 என்ற இரத்தப் புரதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நோய் உறுதியானவர்களிடம் சிகிச்சையின் பலனைக் கண்காணிக்க அது மிகவும் பயன்படுகிறது. ஆனால் மாதவிடாய், கருப்பை உட்படலப் பிறழ்வு, இந்தியாவில் குறிப்பாக வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் அது உயரும். பிரிட்டனில் 50 முதல் 74 வயது வரையிலான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-இல் வெளியானது. அறிகுறியற்ற பெண்களுக்குச் சி.ஏ. 125, ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு ஆண்டுதோறும் பரிசோதனை செய்தும், இந்நோயால் ஏற்படும் இறப்புகள் குறையவில்லை.

எண்ணின் வரம்புகள்

முதல் வரம்பு, பொதுவான எல்லைக்கோடு இல்லாமை. ஒரு ஆய்வு 2.6 என்கிறது, இன்னொன்று 3 என்றோ 4 என்றோ வைக்கிறது.

இரண்டாவது, மருந்துகளின் விளைவு. சினைப்பைப் புற்றுநோய்க்குப் பாக்ளிடாக்சல் மருந்து ஏற்றும் முன், ஒவ்வாமையைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தரப்படுகிறது. ஸ்டீராய்டு நியூட்ரோஃபில்களை உயர்த்தி லிம்ஃபோசைட்டுகளைக் குறைக்கும். கீமோதெரபியே வெள்ளையணுக்களைக் குறைக்கும். அவற்றை மீட்கப் போடும் ஊசி நியூட்ரோஃபில்களை ஒரேயடியாக உயர்த்தும். ஆகவே சிகிச்சையின் நடுவில் எடுத்த இரத்தத்தில் இவ்விகிதத்தைக் கணக்கிட்டு, நோய் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டுவது தவறு. ஆய்வுகள் பெரும்பாலும் பேசுவது சிகிச்சைக்கு முந்தைய எண்ணைப் பற்றியே.

மூன்றாவது, கூட்டத்துக்குப் பொருந்துவது தனியாளுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 55 என்றால், அவ்வகுப்பில் 90 வாங்கும் மாணவியும் இருப்பாள். என்.எல்.ஆர். உயர்ந்திருந்தும் நல்ல முறையில் மீண்ட நோயாளிகள் ஒவ்வோர் ஆய்விலும் உள்ளனர். குறைந்திருந்தும் நோய் திரும்பியவர்களும் உள்ளனர்.

நோய்ப்போக்கைக் கணிப்பதில் மருத்துவர்கள் முதலிடம் தருவது நோயின் நிலை, திசுவின் வகை, அறுவைக்குப் பின் கட்டி எவ்வளவு மிஞ்சியுள்ளது, வயது, பொது உடல்நிலை, பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் ஆகியவற்றுக்கே. இரத்த அணு விகிதம் இவற்றுக்கு அருகில் வைக்கத்தக்க ஒரு துணைக்குறிப்பு. இவ்வெண்ணை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தொடங்குவதோ நிறுத்துவதோ இல்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். எனவே இப்பகுதியில் ஒரு பெண்ணின் முதல் இரத்தப் பரிசோதனை ஓசூரிலும், ஸ்கேன் கிருஷ்ணகிரியிலும், அறுவை பெங்களூரிலும் நடப்பது இயல்பு. பெங்களூரில் ஓசூர் சாலையில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மையம் உள்ளது. சென்னை அடையாறில், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் உள்ளது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

மருத்துவமனை மாறும்போது தொலைந்து போவது பெரும்பாலும் முதல் அறிக்கைதான். புதிய மருத்துவமனை மீண்டும் இரத்தம் எடுக்கும் என்பதால் பழைய தாள் தேவையில்லை என்று வீட்டார் எண்ணுவர். ஆனால் இடையில் ஸ்டீராய்டோ, கீமோதெரபியோ, அறுவையோ நடந்திருந்தால், மருந்து படாத இரத்தத்தின் நிலையைச் சொல்லும் ஒரே சான்று அந்தப் பழைய தாள்தான். அதை மறுபடி எடுக்க முடியாது. தேதியும் ஆய்வகத்தின் பெயரும் தெரியும்படி அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், அசலைக் கோப்பில் முதல் தாளாக வைப்பதும் நல்லது. அப்போது காய்ச்சல் இருந்ததா, வேறு மருந்து உட்கொண்டாரா என்பதையும் அதன் ஓரத்தில் குறித்து வைக்கலாம்.

முகவரியும் கவனிக்கத்தக்கது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் பெங்களூரு, சென்னை, மும்பை ஆகிய நகரங்களின் மக்கள்தொகைப் பதிவேடுகள் வழியாக 1982 முதல் நோய்க்கணக்கு எடுத்து வருகிறது. தமிழ்நாடு முழுமைக்குமான பதிவுத் திட்டம் 2012-இல் அடையாறு நிலையத்தின் ஒருங்கிணைப்பில் தொடங்கியது. இத்தகைய பதிவேடுகள் நோயாளியை அவர் சிகிச்சை பெறும் ஊரில் அல்ல, வசிக்கும் ஊரில் கணக்கிடுகின்றன. மருத்துவமனையில் பெங்களூரு உறவினரின் முகவரியைக் கொடுத்தால், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நோய்க்கணக்கில் ஒருவர் குறைந்துவிடுவார்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, விரைவில் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று கடந்த ஓராண்டுக்குள் புதிதாகத் தோன்றி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வந்தால் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களும், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இவ்வறிகுறிகளையும் சொல்லலாம். அவர் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்.

நோய் உறுதியானவர்கள் தம் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள்: நோய் எந்த நிலையில் உள்ளது? அறுவையில் கட்டி முழுவதும் அகற்றப்பட்டதா? பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை தேவையா? சிகிச்சைக்கு முந்தைய என் இரத்த அறிக்கையைப் பார்த்தீர்களா? இவற்றுள் இரத்த அறிக்கை பற்றிய கேள்வி கடைசியாக வருவது பொருத்தமே. அறிக்கையில் உள்ள எண்ணைக் கண்டு நம்பிக்கை இழந்து சிகிச்சையைப் பாதியில் விடுவதுதான் அந்த எண்ணைவிடப் பெரிய ஆபத்து.